கார் ஓடுது, எஞ்சின் சத்தம் வருது, பாட்டு மட்டும் இல்லை: பழைய சீடி கேம்களில் என்ன பிரச்சினை?

உப்புவெளியான் எழுதியது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொழும்பில் இருக்கிற என் மச்சான் பழைய சாமான் சேர்க்கிற ஆள். தன்னிடம் இருந்த பிளேஸ்டேஷன் சீடிகளையும் சேகாவின் மெகா சீடி மெஷினுக்குரிய டிஸ்க் ஒன்றிரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுத் தந்தான். லப்டொப்பில் டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரை (பழைய கேம் மெஷின் மாதிரி நடந்துகொள்கிற மென்பொருள்) போட்டு, ரிட்ஜ் ரேசர் என்ற கார் ஓட்டக் கேமைத் திறந்தேன். படம் வடிவாக வருகிறது, எஞ்சின் உறுமுகிறது, டயர் கிறீச்சிடுகிறது, அறிவிப்பாளர் இடையிடையே கத்துகிறார், ஆனால் பாட்டு என்று ஒன்று கிடையாது. கேமுக்குள் ஒலி அளவு முழுதாகத்தான் இருக்கிறது. வேறு எமுலேட்டரில் போட்டாலும் அதே கதை.

மெகா சீடிக் கேமான சோனிக் சீடி இதைவிட விசித்திரம். முதல் கட்டம் முழுக்க மௌனம், மோதிரம் எடுக்கிற சத்தமும் குதிக்கிற சத்தமும் மட்டும். ஆனால் வழியில் நிற்கிற காலப் பலகையைத் தட்டி, வேகமாக ஓடி, கடந்த காலத்துக்குப் போனால் திடீரென்று பாட்டு வருகிறது! நிகழ்காலத்துக்குத் திரும்பினால் மறுபடி ஊமை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயோஸ் (மெஷினைத் தொடக்குகிற மென்பொருள்) பிழையா, சவுண்ட் டிரைவர் பிழையா? இங்கே கம்ப்யூட்டர் திருத்துகிற கடையொன்றில் கேட்டேன், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள்.


டைக் வீதி எழுதியது:

விண்டோஸைத் தொடாதீர்கள் தம்பி, கடைக்கும் காசு கொடுக்காதீர்கள். கடந்த காலத்தில் மட்டும் பாட்டு வருகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே போதும், நோய் என்னவென்று தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து சீடி கேம்கள் பலவற்றில் பாட்டு கேமுக்குள் இல்லை. டிஸ்கின் ஒரு பகுதியில் கேமின் தரவு இருக்கும், மிச்சப் பகுதியில் சாதாரண பாட்டு சீடியில் இருக்கிற மாதிரியே தனித்தனி ஒடியோ ட்ராக்குகள் இருக்கும். 1980இல் பிலிப்ஸும் சோனியும் ரெட் புக் என்று எழுதிவைத்த அதே முறை: 16 பிட், இரண்டு சனல், வினாடிக்கு 44,100 மாதிரிகள். கேம் செய்வதெல்லாம் டிரைவைப் பார்த்து ‘ஐந்தாம் ட்ராக்கைப் போடு’ என்று சொல்வது மட்டும்தான். டிரைவ் போடும், ஒலி நேரே ஸ்பீக்கருக்குப் போகும்.

சோனிக் சீடியில் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் உரிய பாட்டுகள் இப்படி ஒடியோ ட்ராக்காக இருக்கின்றன. கடந்த காலத்துப் பாட்டுகள் மட்டும் அப்படியல்ல. அவை தரவுப் பகுதியில் இருந்து மெமரிக்கு ஏற்றப்பட்டு, மெகா சீடிக்குள் இருக்கிற பிசிஎம் என்ற ஒலிச் சிப்பால் வாசிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1993இல் வெளியிட்டபோது இசையை வேறு ஆட்களைக் கொண்டு மாற்றினார்கள், ஆனால் கடந்த காலத்துப் பாட்டுகளை மட்டும் மாற்றாமல் விட்டதற்கும் இதுதான் காரணம். ஒடியோ ட்ராக்கை மாற்றுவது சுலபம், தரவுக்குள் இருப்பதைப் பிரித்து மாற்றுவது வேலை. ஆக உங்களிடம் தரவு ட்ராக் ஒழுங்காக இருக்கிறது, ஒடியோ ட்ராக்குகளை எமுலேட்டர் காணவில்லை.

ரிட்ஜ் ரேசரும் அதே வகைதான். எஞ்சின், டயர், கத்துகிற மனிதர் எல்லாம் கேம் தொடங்கும்போதே மெமரிக்கு வந்துவிடும். பாட்டு மட்டும் டிஸ்கில் இருந்து.

இப்போது ஒரு கேள்வி. எமுலேட்டரில் நீங்கள் எந்த பைலைத் திறக்கிறீர்கள்? போல்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று அளவோடு எழுதுங்கள்.


உப்புவெளியான் எழுதியது:

நன்றி அண்ணா. ரிட்ஜ் ரேசர் போல்டரில் ஆர்ஆர்1.பின், ஆர்ஆர்2.பின், ஆர்ஆர்3.பின் என்று வரிசையாகக் கனக்க இருக்கிறது. நான் திறப்பது ஆர்ஆர்1. மொத்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருப்பது 2க்குப் பிறகு வருகிறவைதான், அவை எதற்கு என்று யோசித்தும் பார்க்கவில்லை. கூடவே .கியூ என்று முடிகிற மிகச் சின்ன பைல் ஒன்றும் இருக்கிறது, ஆனால் டக்ஸ்டேஷனில் அதைத் திறந்தால் பிழை என்று வருகிறது. இரட்டைக் கிளிக் செய்தால் பாட்டுப் பிளேயர் திறந்து மூடிக்கொள்கிறது.

சோனிக் போல்டரில் ஒரு .ஐஎஸ்ஓ, அதோடு எம்பி3 பைல்கள், ஒரு .கியூ. மச்சானிடம் கேட்டேன், பெயர்கள் நீளமாக இருந்ததால் சுருக்கிவைத்தேன் என்கிறான்.


டைக் வீதி எழுதியது:

உங்கள் மச்சான் வாழ்க. பெயரைச் சுருக்கினார், கியூவுக்குள் இருக்கிற பெயரைச் சுருக்கவில்லை.

டிஸ்கின் உள்ளடக்கம் இருப்பது .பின்களில், .கியூ என்பது வெறும் முகவரிச் சீட்டு. எழுத்து மட்டும்தான் உள்ளே. அதன்மேல் வலது கிளிக் செய்து நோட்பேடில் திறவுங்கள். ‘ஃபைல்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் வரிகள் இருக்கும், இரட்டை மேற்கோளுக்குள் பின் பைலின் பழைய நீளப் பெயர், கடைசியில் ‘பைனரி’. அதன் கீழே ட்ராக் இலக்கமும் அது தரவா ஒடியோவா என்பதும். பிளேஸ்டேஷன் என்றால் முதல் ட்ராக் ‘மோட்2/2352’, மெகா சீடி என்றால் பெரும்பாலும் ‘மோட்1/2352’, மற்றதெல்லாம் ‘ஒடியோ’. நீங்கள் செய்யவேண்டியது, மேற்கோளுக்குள் இருக்கிற பெயரை இப்போது போல்டரில் உள்ள பெயராக மாற்றுவது. அல்லது பைல்களுக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுப்பது, அதுதான் பிற்காலத்துக்கு நல்லது. எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒத்திருக்க வேண்டும். விண்டோஸில் பைல் பெயரின் கடைசிப் பகுதி மறைந்திருந்தால் முதலில் அதைக் காட்டச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் .பின்.பின் என்று ஆகிவிடும். போனில் தட்டச்சுச் செய்தால் மேற்கோள்குறி வளைந்து விழும், எமுலேட்டருக்கு நேரான குறிதான் தெரியும்.

‘இண்டெக்ஸ்’ என்று தொடங்கும் வரிகளில் கைவைக்க வேண்டாம். இரண்டாம் ட்ராக்கில் இண்டெக்ஸ் 00, பிறகு இண்டெக்ஸ் 01 00:02:00 என்று இருந்தால், பாட்டுக்கு முன் இரண்டு வினாடி வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த 00 வரியை யாராவது அழித்து, 01ஐத் தொடக்கத்தில் வைத்துவிட்டால், பாட்டு ஒவ்வொரு முறையும் இரண்டு வினாடி பிந்தித் தொடங்கும்.

முடிந்த பிறகு .கியூவைத்தான் திறக்க வேண்டும், ஒருநாளும் .பின்னை அல்ல. தனி .பின்னைக் கொடுத்தால் எமுலேட்டர் இதுதான் முழு டிஸ்க், ஒரே ஒரு தரவு ட்ராக் என்று எடுத்துக்கொள்ளும். கேம் ஐந்தாம் ட்ராக்கைக் கேட்கும், ஐந்தாம் ட்ராக் இல்லை, மௌனம். பிழை என்றுகூட எதுவும் சொல்லாது. அதனால்தான் இந்தப் பிரச்சினையில் ஆட்கள் இவ்வளவு மினக்கெடுகிறார்கள். ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், டக்ஸ்டேஷனின் ஒடியோ அமைப்பில் சீடி ஒலியை முற்றாக அடைக்கிற ஒரு பெட்டி இருக்கிறது, அதில் சரி போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சோனிக்கின் கதை வேறு. .ஐஎஸ்ஓவுக்குள் ஒடியோ ட்ராக் இருக்கவே முடியாது, அது டிஸ்கின் ஒவ்வொரு செக்டரில் (தரவு எழுதப்படுகிற சின்னத் துண்டு) இருந்தும் 2048 பைட் தரவை மட்டும் எடுக்கிற வடிவம். அதனால் யாரோ பாட்டுகளைத் தனியாக எம்பி3 ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கியூவைத் திறந்து பாருங்கள். எமுலேட்டர் எம்பி3ஐ ஏற்காவிட்டால், எல்லாவற்றையும் 44,100, 16 பிட், ஸ்டீரியோ வேவ் ஆக மாற்றி, கியூவில் பெயரையும் மாற்றி, வரிக் கடைசியில் ‘எம்பி3’ என்று இருப்பதை ‘வேவ்’ ஆக்குங்கள். பைலின் வால் மூன்றெழுத்து, ஆனால் கியூவுக்குள் ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, கடைசியில் ‘ஈ’ வரும். அந்த ஒரு எழுத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள்.


சீனக்குடா எழுதியது:

டைக் வீதி அண்ணா சொன்னதில் ஒரு துண்டு கூட்டலாம். பிளேஸ்டேஷனில் எல்லாக் கேமும் இப்படியல்ல. சிலதில் பாட்டு சின்னச் சின்னக் கருவி ஒலிகளாக ஒலிச் சிப்பின் 512 கிலோபைட் மெமரியில் இருக்கும், 24 சனலில் வாசிக்கும். அந்தக் கேம்கள் எதை எப்படித் திறந்தாலும் பாடும். இன்னும் சிலதில் எக்ஸ்ஏ என்ற வடிவத்தில் பாட்டும் பேச்சும் தரவு ட்ராக்குக்குள்ளேயே, தரவோடு இடைகலந்து கிடக்கும். அவற்றுக்கு .பின் போதும், ஆனால் .ஐஎஸ்ஓ ஆக மாற்றினால் போச்சு, ஏனென்றால் எக்ஸ்ஏ செக்டர் 2048ஐவிடப் பெரியது, வெட்டுப்பட்டுவிடும், இடையில் வருகிற வீடியோக் காட்சிகளும் கெடும். ஆகவே ‘மற்றக் கேம்கள் பாடுதே, இது மட்டும் ஏன் ஊமை’ என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

பிசி எஞ்சின் சீடி என்ற கேம் மெஷினின் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு: அதில் முதல் ட்ராக்கே ஒடியோ. ‘இதைப் பாட்டுப் பிளேயரில் போடாதே’ என்று ஒரு குரல் எச்சரிக்கும். தரவு இரண்டாவது ட்ராக்கில். முதல் பைலைத் திறந்து கேம் ஓடவில்லை என்று அழவேண்டாம்.

போனில் விளையாடப் போகிறீர்கள் என்றால் இன்னொரு தொல்லை. புதிய அன்ட்ரொயிடில் ஒரு பைலைத் தெரிவுசெய்தால் அந்த ஒரு பைலுக்குத்தான் அனுமதி கிடைக்கும். நீங்கள் சரியாகக் .கியூவைத்தான் தொடுவீர்கள், ஆனால் பக்கத்தில் இருக்கிற .பின்களை வாசிக்க எமுலேட்டருக்கு உரிமை இல்லை. போல்டர் முழுவதையும் கேம் இடமாகச் சேர்த்துவிட்டு, எமுலேட்டரின் பட்டியலில் இருந்து திறவுங்கள். லினக்ஸ் பெட்டி என்றால் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்கூட ஒத்திருக்க வேண்டும், விண்டோஸில் ஓடினது அங்கே ஓடாமல் போவது அதனால்தான்.

இந்தச் சள்ளையே வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் ஒரே .சிஎச்டி (முழு டிஸ்கையும் சுருக்கி வைக்கிற ஒற்றை பைல்) ஆக்கிவிடுங்கள். மேம் என்ற எமுலேட்டர் திட்டத்தோடு வருகிற சிஎச்டிமேன் என்ற சின்னக் கருவி, அதில் ‘கிரியேட்சிடி’ கட்டளை, உள்ளீடாகக் .கியூ. ஒடியோவை ஃபிளாக் முறையில் சுருக்கும், தரம் ஒரு மயிரளவும் குறையாது, இடமும் மிச்சம். கியூவில் சொன்ன பைல் ஒன்று இல்லாவிட்டால் அப்போதே நின்றுவிடும், அதுவே நல்ல சோதனை. பிறகு ‘இன்ஃபோ’ கட்டளை கொடுத்தால் ட்ராக் ட்ராக்காகப் பட்டியல் போடும். ஒரே ஒரு ட்ராக் காட்டினால் பாட்டு உள்ளே போகவில்லை. டிஸ்க் விவரங்களைச் சேர்த்து வைக்கிற ரீடம்ப் தளத்தில் ஒவ்வொரு டிஸ்குக்கும் எத்தனை ட்ராக், என்ன அளவு என்று இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். கியூவே தொலைந்தவர்களும் அங்கே இருந்து எடுக்கலாம்.

கேம் இணைப்பு யாரும் இங்கே கேட்கவேண்டாம், கேட்டால் பதில் வராது. சொந்த டிஸ்கை ஏற்றுகிறவர்களுக்குத்தான் இவ்வளவும்.


மூதூரான் எழுதியது:

நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். எனக்கு மௌனம் இல்லை, இரைச்சல். என் சொந்த டிஸ்கை லினக்ஸில் சிடிஆர்டிஏஓ என்ற கருவி கொண்டு ஏற்றினேன். கேம் நன்றாக ஓடுகிறது, பாட்டு வரவேண்டிய இடத்தில் ‘ஷ்ஷ்ஷ்’ என்று ஸ்பீக்கர் கிழிகிற சத்தம். ஹெட்போனில் கேட்டுக் காது போகப் பார்த்தது. டிஸ்கில் கீறல் இல்லை.


டைக் வீதி எழுதியது:

டிஸ்க் நல்லது, பாட்டும் அங்கேயே இருக்கிறது, பைட்டுகள் இடம் மாறி நிற்கின்றன. ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு பைட். சிடிஆர்டிஏஓ அவற்றை ஒரு வரிசையில் எழுதுகிறது, எமுலேட்டர் மற்ற வரிசையில் எதிர்பார்க்கிறது. தரவு ட்ராக்குக்கு இது பொருட்டில்லை, அதனால்தான் கேம் ஓடுகிறது. சிடிஆர்டிஏஓ தருகிற டிஓசி பைலைக் (அதன் முகவரிச் சீட்டு) கியூவாக மாற்றுகிற டிஓசி2கியூ கருவியிலேயே ஒடியோவை மாற்றிப் போடுகிற வசதி உண்டு, அதைக் கொடுத்துப் புது பின் எடுங்கள்.

சந்தேகம் இருந்தால் காதாலேயே பார்க்கலாம், இதை உப்புவெளித் தம்பியும் செய்து பாருங்கள். ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளைத் திறந்து, ‘ரா டேட்டா’ இறக்குமதி, ஒரு ஒடியோ ட்ராக் .பின்னைக் கொடுங்கள். அமைப்பில் 16 பிட், சைன்ட், லிட்டில் எண்டியன் (ஒரு பைட் வரிசை, மற்றதன் பெயர் பிக் எண்டியன்), ஸ்டீரியோ, 44,100 என்று கொடுங்கள். பாட்டு வந்தால் ட்ராக் நல்லது, பிழை கியூவில். இரைச்சல் வந்தால் அதையே பிக் எண்டியன் என்று மாற்றிப் பாருங்கள். அப்போது பாட்டு வந்தால் நான் சொன்னதுதான். இரண்டிலும் இரைச்சல் என்றால் நீங்கள் திறந்தது பெரும்பாலும் தரவு ட்ராக். ஓடாசிட்டிகூட வேண்டாம் என்றால் அளவைப் பாருங்கள்: ஒடியோ நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. மூன்று நிமிடப் பாட்டு 30 எம்பி அளவில் இருக்கும். மூன்று எம்பி என்றால் அது பின் என்று பெயர் மாற்றிய எம்பி3.


பழைய பெட்டி எழுதியது:

நீங்கள் எல்லோரும் ரிட்ஜ் ரேசரைப் பற்றிப் பேசுவதால் ஒரு வார்த்தை. அந்தக் கேம் முழுவதும் பிளேஸ்டேஷனின் 2 எம்பி மெமரிக்குள் அடங்கிவிடும், ஓட்டம் தொடங்கிய பிறகு டிஸ்க் பாட்டுக்கு மட்டும்தான். அதனால் நாங்கள் மூடியைத் திறந்து வேறு பாட்டு சீடியைப் போட்டுவிட்டு ஓட்டுவோம், கேமின் பாட்டு இல்லாமல் கோவில் திருவிழாப் பாட்டுக்கும் கார் ஓடும். எமுலேட்டரிலும் முடியும். சொந்த சீடியை வேவ் ஆக எடுத்து, எல்லாம் ஒடியோ என்று ஒரு கியூ எழுதி, கேம் ஏறியதும் டிஸ்க் மாற்று என்று அந்தக் கியூவைக் கொடுங்கள். ட்ராக் எண்ணிக்கை குறைந்திருந்தால் சில இடத்தில் மௌனம் வரலாம். 1999இல் வந்த விப் ரிப்பன் என்ற கேமும் நீங்கள் போடுகிற சீடியைக் கேட்டுத்தான் பாதையே வரையும், அதற்கும் இதே வழி.

அந்தக் காலத்தில் இங்கே கைமாறிய நகல் டிஸ்குகள் சிலதில் இடம் மிச்சம் பிடிக்க ஒடியோ ட்ராக்கைக் கழற்றியே எரித்திருந்தார்கள். அப்படி ஒன்றை ஏற்றினால் மேலே சொன்ன எந்த வித்தையும் பலிக்காது, இல்லாததை எமுலேட்டர் எங்கிருந்து கொண்டுவரும்? தாளுறை கிழிந்த எழுதும் டிஸ்க் என்றால் இதையும் யோசியுங்கள். என்னிடம் ஒரு பெட்டி நிறைய அசல் கிடக்கிறது, ஆனால் உப்புக் காற்றில் டிரைவ் எல்லாம் போய்விட்டது, லென்ஸ் வாசிக்க மறுக்கிறது.


உப்புவெளியான் எழுதியது:

அண்ணாமார், ரிட்ஜ் ரேசர் பாடுது! பழைய பெயர்களைத் திருப்பிப் போட்டேன், .கியூவைத் திறந்தேன், முதல் வளைவுக்கு முன்னரே பாட்டு வந்துவிட்டது. அம்மா வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்வரை குறைக்கவில்லை.

சோனிக்கையும் வேவ் ஆக்கினேன், அந்த ‘ஈ’ எழுத்தோடு. இப்போது நிகழ்காலத்திலும் வருகிறது. ஆனால் பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கும்போது ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. அது சாதாரணமா?


சீனக்குடா எழுதியது:

கொஞ்சம் சாதாரணம். அசல் மெஷினிலும் லென்ஸ் ட்ராக்கின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகவேண்டும், அந்த நேரத்துக்கு ஒலி இருக்காது. ஆனால் உங்களுடையது எம்பி3இல் இருந்து வந்தது, எம்பி3 ஆக்கும்போது முன்னாலும் பின்னாலும் ஒரு துளி வெற்றொலி ஒட்டிக்கொள்ளும், வேவ் ஆக்கினாலும் அது போகாது. மச்சானிடம் அசல் டிஸ்க் இருந்தால் இம்ஜ்பேர்ன் என்ற மென்பொருளில் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள், பல ட்ராக் டிஸ்க் என்றால் அது தானாகவே .பின்னும் .கியூவும் எடுக்கும். பெயரை மட்டும் சுருக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய பெட்டி ஐயா, என்னிடம் யூஎஸ்பி டிரைவ் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் டவுனுக்கு வருவேன். டிஸ்குகளின் எழுத்துள்ள பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசித் துளை மாதிரி வெளிச்சம் தெரிகிறதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொண்டுவாருங்கள்.


பழைய பெட்டி எழுதியது:

சனி சரி. பஸ் நிலையத்தடியில் நாலரைக்கு. மழை என்றால் ஞாயிறு.


மூதூரான் எழுதியது:

பிக் எண்டியன் போட்டதும் பாட்டு வந்தது, டிஓசி2கியூவும் வேலை செய்தது. படகு நேரத்துக்கு வந்தால் நானும் சனிக்கிழமை ஒரு டிஸ்கோடு வருகிறேன்.